ஐந்தாம் எண் டிஸ்க்

சர்வர் பராமரிப்பு வேலை பார்ப்பவர்களிடம், ராத்தூக்கத்தைக் கெடுத்த அழைப்புகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சினிமாவில் வருவதுபோல ஹேக்கர், வைரஸ் என்று பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார்கள். "டிஸ்க் ஃபுல்" என்பார்கள். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் இருந்துகொண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சர்வர்களை இரவு ஷிஃப்டில் பார்த்துக்கொண்ட காலத்தில் இப்படி நிரம்பிப்போன டிஸ்குகளோடு நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். மெயில் சர்வர் நிரம்பும், ஃபைல் சர்வர் நிரம்பும், அதெல்லாம் பழகிவிடும். விசென்டர் நிரம்பினால் அது தனி ரகம்.

இத்துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரே இரும்புப் பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல மென்பொருளால் பிரித்து ஓட்டுவதுதான் விர்ச்சுவல் மெஷின். 1998-ல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய விஎம்வேர், இதைச் சாதாரண இன்டெல் சர்வர்களில் சாத்தியமாக்கியது. நிஜ சர்வரில் அவர்களுடைய ஈஎஸ்எக்ஸ்ஐ என்ற மென்பொருள் ஓடும். அதன்மேல் இருபது முப்பது விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும். அந்த நிஜ சர்வரை நாங்கள் ஹோஸ்ட் என்போம். பல ஹோஸ்டுகளை ஒரே திரையில் வைத்து நிர்வகிப்பது விசென்டர். தறிக்கூடத்தில் மேற்பார்வையாளர் லீவு போட்டால் ஓடுகிற தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும். புதுப் பாவு ஏற்றுவதும் ஆள் மாற்றுவதும்தான் நிற்கும். விசென்டர் விழுந்தாலும் அப்படித்தான். ஓடுகிற மெஷின்கள் ஓடும். ஒரு ஹோஸ்ட் செத்தால் அதிலிருந்த மெஷின்களை வேறு ஹோஸ்டில் எழுப்பிவிடும் ஹெச்ஏ வசதிகூட வேலை செய்யும். அதற்கான ஏஜென்ட் ஹோஸ்டுகளிலேயே இருக்கிறது. புது மெஷின் உருவாக்குவது, இருப்பதை ஹோஸ்ட் மாற்றுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் நின்றுவிடும். முதல் இரண்டும் காலைவரை காத்திருக்கும். பேக்கப் நிற்பதுதான் விவகாரம். அலுவலக நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே இருக்கும்.

ஆரம்பத்தில் விசென்டரை ஒரு விண்டோஸ் சர்வரில் நிறுவ வேண்டியிருந்தது. 2011-ல், ஈஎஸ்எக்ஸ்ஐயும் விசென்டரும் சேர்ந்த விஸ்பியர் தொகுப்பின் 5.0 பதிப்பு வந்தபோது அப்ளையன்ஸ் என்ற வடிவம் வந்தது. லினக்ஸ், டேட்டாபேஸ், விசென்டர் மூன்றையும் சேர்த்துக் கட்டிய ரெடிமேட் விர்ச்சுவல் மெஷின் அது. முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 5.1-ல் உள்ளிருக்கும் டேட்டாபேஸைக் கொண்டு 5 ஹோஸ்ட், 50 மெஷின் வரைதான் தாங்கும் என்று விஎம்வேரே சொல்லியிருந்தது. 5.5-ல் அது 100 ஹோஸ்ட், 3,000 மெஷின் என்று ஏறியதும் பார்வை மாறியது. 2020-ல் 7.0 வெளியானபோது விண்டோஸ் வடிவமே இல்லாமல் போனது.

5.5 அப்ளையன்ஸில் இரண்டே டிஸ்குகள். ஒன்றில் சிஸ்டம், மற்றதில் டேட்டாபேஸும் லாகும் மற்ற எல்லாமும். அதில் இடம் போதவில்லை என்றால் புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, பார்ட்டிஷன் போட்டு, சர்வீஸ்களை நிறுத்தி, பழையதிலிருந்து ஒவ்வொன்றாக நகலெடுத்து, எந்த டிஸ்க் எங்கே என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வரியை மாற்றி, ரீபூட் செய்ய வேண்டும். எழுத்து ஒன்று பிசகினால் மெஷின் எழும்பாது. எங்கள் டீமின் சீனியர், விருதுநகர்ப் பக்கத்துக்காரர், இந்த வேலையைச் செய்யும்போது யாரையும் பக்கத்தில் பேச விடமாட்டார். ஒவ்வொரு கட்டளையையும் முதலில் நோட்புக்கில் எழுதி, பிறகுதான் டைப் செய்வார்.

6.0-ல் இந்தச் சித்திரவதை தீர்ந்தது. ஒரே டிஸ்கில் எல்லாவற்றையும் திணிக்காமல் 11 டிஸ்குகளாகப் பிரித்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு எல்விஎம் அமைப்பைக் கொடுத்தார்கள். எல்விஎம் என்பது லினக்ஸில் டிஸ்குக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் நடுவே இருக்கும் ஓர் அடுக்கு. கீழே டிஸ்க் பெரிதானால், மேலே இருப்பதை ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்டலாம். நகலெடுக்க வேண்டாம், ரீபூட் வேண்டாம். 2016 நவம்பரில் வந்த 6.5-ல் டிஸ்குகள் 12 ஆயின, 6.7-ல் 13, 7.0-ல் 16. உள்ளே இருந்த சூசே லினக்ஸ் போய், 6.5 முதல் விஎம்வேரின் சொந்த ஃபோட்டான் லினக்ஸ் வந்தது.

இத்தனை டிஸ்க் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். காரணம் நல்ல காரணம்தான். லாக் பெருத்தால் அது டேட்டாபேஸின் இடத்தைத் தின்னக்கூடாது. டேட்டாபேஸ் பெருத்தால் அது சிஸ்டத்தை மூச்சுத்திணற வைக்கக்கூடாது. 6.5-ல் ஐந்தாம் எண் டிஸ்க் லாகுக்கு, ஆறாவது டேட்டாபேஸுக்கு, எட்டாவது சீட் என்ற பகுதிக்கு, பன்னிரண்டாவது அப்டேட் மேனேஜருக்கு. கடைசியாகச் சொன்னதற்கு 100 ஜிபி கொடுத்தவர்கள், சின்ன அளவில் நிறுவும்போது லாகுக்கு வெறும் 10 ஜிபி கொடுத்தார்கள். அந்த 10 ஜிபி எங்களுக்கு வைத்த வேலைதான் இந்தக் கட்டுரை.

2018-ன் கடைசியில் ஒரு ராத்திரி. வாடிக்கையாளர் நெதர்லாந்தில். அங்கே இரவு பத்து மணி என்றால் நமக்கு அதிகாலை இரண்டரை. அந்த நேரத்தில்தான் அவர்களுடைய பேக்கப் தொடங்கும். தொடங்கிய வேகத்தில் எல்லா ஜாபும் சிவப்பாகிவிட்டன. பேக்கப் மென்பொருள், எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று விசென்டரைத்தான் கேட்கும், பதில் வரவில்லை. பிரவுசரில் விசென்டர் முகவரியைப் போட்டால் 503, சேவை கிடைக்கவில்லை என்று வெள்ளைப் பக்கம். சீனியரைக் கூப்பிட்டேன். வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"விசென்டர் மெஷின் எந்த ஹோஸ்ட்ல இருக்கு தம்பி?"

"விசென்டர்ல பாத்தாத்தானண்ணே தெரியும்."

"அதான் செத்துக் கெடக்கே."

இதுதான் விசென்டரின் விசேஷம். எல்லா மெஷின்களையும் நிர்வகிக்கும் அதுவும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான். தான் நிர்வகிக்கும் ஹோஸ்டுகளில் ஏதோ ஒன்றின்மேல்தான் அதுவும் ஓடிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, சுமையைச் சமன் செய்யும் டிஆர்எஸ் வசதி மற்ற மெஷின்களை நகர்த்துவதுபோல விசென்டரையும் ஹோஸ்ட் விட்டு ஹோஸ்ட் நகர்த்திக்கொண்டே இருக்கும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. ஆகவே ஒவ்வொரு ஹோஸ்டின் முகவரிக்கும் தனித்தனியே போய், பாஸ்வேர்ட் பெட்டகத்திலிருந்து ரூட் பாஸ்வேர்டை எடுத்துப் போட்டு, பட்டியலைப் பார்க்க வேண்டும். ஒரே ஆறுதல், விசென்டர் விழுந்தபின் டிஆர்எஸ்ஸும் நின்றுவிடும். தேடும்போது அது இடம் மாறாது.

கண்டுபிடித்து, எஸ்எஸ்ஹெச் வழியே உள்ளே போனோம். முதல் கட்டளை டிஎஃப். எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மிச்சம் என்று சொல்லும். பட்டியலின் நடுவில் லாக் பகுதி 100 சதவீதம். மற்றதெல்லாம் காலியாகத்தான் இருந்தது. அப்டேட் மேனேஜருக்குக் கொடுத்த 100 ஜிபியில் பெரும்பகுதி தொடப்படவே இல்லை. லாகுக்கு ஒரு வரி எழுத இடமில்லாததால் விபிஎக்ஸ்டி என்ற முக்கிய சர்வீஸ் எழ முடியாமல் விழுந்து கிடந்தது. லாக் டேட்டாபேஸைத் தின்னக்கூடாது என்று பிரித்து வைத்தது சரியாகவே வேலை செய்திருந்தது. டேட்டாபேஸ் பத்திரம். ஆனால் வீட்டுக்காரர் எழும்பவில்லை.

பழைய லாக் கோப்புகளை அழித்துவிட்டால் உடனே இடம் கிடைக்குமே என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன்.

"அழிக்கிறது கடைசி. ஏன் ரொம்புச்சுன்னு அதுலதான எழுதியிருக்கு? அழிச்சிட்டு யாரைப் போய்க் கேப்ப?" என்றார். இன்னொன்றும் சொன்னார். ஒரு சர்வீஸ் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மறையுமே ஒழிய இடம் திரும்பாது. அந்த சர்வீஸ் கோப்பை விடும்வரை லினக்ஸ் அந்த இடத்தைப் பிடித்தே வைத்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பெரிய கோப்பை அழித்துவிட்டு, டிஎஃப் இன்னும் 100 காட்டுகிறதே என்று பயந்து அடுத்த கோப்பையும் அழிப்பார்கள். அப்படித்தான் மெஷின்கள் நிஜமாகவே சாகும்.

ஆக, டிஸ்கைப் பெரிதாக்குவது என்று முடிவு. ஹோஸ்டின் இணையத் திரையில் விசென்டர் மெஷினைத் திறந்து, ஹார்ட் டிஸ்க் 5, 10 ஜிபி என்பதை 25 ஆக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அளவு எழுதும் கட்டம் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தது. சொடுக்கினால் அசையவில்லை.

சீனியர் திரையைப் பார்க்காமலே, "ஸ்னாப்ஷாட் இருக்கும் பாரு" என்றார்.

இருந்தது. மாதக்கணக்கில் பழையது. எங்களுக்கு முன்னால் அந்த வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்ட யாரோ, பேட்ச் போடுவதற்கு முன்பு பாதுகாப்புக்கு எடுத்தது. ஸ்னாப்ஷாட் எடுத்தால் மூல டிஸ்க் அப்படியே உறைந்துவிடும். அதன் பிறகு எழுதப்படுவதெல்லாம் பக்கத்தில் ஒரு டெல்டா கோப்பில் சேரும். உறைந்த மூல டிஸ்கின் அளவை மாற்ற விஎம்வேர் அனுமதிக்காது. ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரை. மாதங்கள் ஆனால் டெல்டா மூல டிஸ்கின் அளவையே எட்டிப் பிடிக்கும்.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. டிஸ்க் அளவை மாற்றுவதற்கு முன் பின்வாங்க வழி வைத்துக்கொள் என்பது எல்லோருக்கும் சொல்லித்தரும் பாடம். அந்த வழி பெரும்பாலும் ஸ்னாப்ஷாட்தான். ஆனால் ஸ்னாப்ஷாட் இருந்தால் டிஸ்கைப் பெரிதாக்க முடியாது. பெரிதாக்கியபின் சிறிதாக்கவும் முடியாது. விர்ச்சுவல் டிஸ்காக இருக்கும் விஎம்டிகே கோப்பின் அளவு ஒரே திசையில்தான் போகும். அதனால் விசென்டருக்கு ஃபைல் அடிப்படையிலான பேக்கப் வேண்டும். 6.5-லிருந்து 5480 போர்ட்டில் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் அதற்கு வசதி இருக்கிறது. எஸ்சிபி, எஃப்டிபி போன்ற வழிகளில் வேறு சர்வருக்கு அனுப்பி வைக்கலாம். அந்த வாடிக்கையாளரிடம் அதுவாவது ஒழுங்காக அமைக்கப்பட்டு, முந்தைய நாள் நகல் இருந்தது.

ஸ்னாப்ஷாட்டை நீக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். நீக்குவது என்றால் டெல்டாவில் சேர்ந்ததை மூல டிஸ்கில் கலப்பது. இத்தனை மாதத்துச் சரக்கு. சதவீதம் ஆமைபோல நகர்ந்தது. நடுவில் 99-ல் நின்று பயமுறுத்தும். அப்போது மெஷினை அணைத்துப் போடக்கூடாது. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தோம். முடிந்தபோது வெளியே வெளுத்திருந்தது.

அதன்பின் எல்லாம் விறுவிறு. மெஷின்களின் டிஸ்க் கோப்புகள் இருக்கும் டேட்டாஸ்டோரில் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தோம். 25 என்று எழுதிச் சேமித்தோம். அப்ளையன்ஸுக்குள் போய் ஆட்டோக்ரோ ஸ்க்ரிப்டை ஓட்டினோம். 6.5-லிருந்து விஎம்வேரே உள்ளே வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரிப்ட். டிஸ்க் பெரிதாகியிருக்கிறதா என்று கெர்னலைத் திரும்பப் பார்க்கச் சொல்லும், எல்விஎம் அடுக்கை நீட்டும், ஃபைல் சிஸ்டத்தை விரிக்கும். 5.5-ல் நோட்புக்கில் எழுதி எழுதிச் செய்த வேலையை இது கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டது. டிஎஃப் போட்டோம். 100 இருந்த இடத்தில் 40 சொச்சம். எல்லா சர்வீஸ்களையும் எழுப்பும் கட்டளையைக் கொடுத்தோம். அது மட்டும் தன் இஷ்டப்படி நிதானமாகத்தான் எழும். 503 போய் லாகின் பக்கம் வந்தது.

நான் ஷிஃப்ட் முடிந்தது என்று எழுந்தேன். சீனியர் எழவில்லை. லாக் கோப்புறைகளின் அளவை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். லாகின் சேவையின் கோப்புறைதான் வீங்கியிருந்தது. நாளுக்கு ஒரு கோப்பு. யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவு. திறந்தால் ஒரே முகவரியிலிருந்து, ஓயாமல், ஒரே கணக்கு. வாடிக்கையாளர் புதிதாக வாங்கிய கண்காணிப்பு மென்பொருள் அது. விசென்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நிமிடத்துக்குப் பலமுறை புதிதாக லாகின் செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு லாகினுக்கும் பல வரிகள். நலம் விசாரித்தே ஆளைச் சாய்த்துவிட்டது.

அதைச் சரிசெய்யாமல் 25 ஜிபி கொடுத்து என்ன பயன்? சில மாதம் கழித்து அதே இரவு, அதே 503. கண்காணிப்பின் இடைவெளியைக் கூட்டச் சொல்லி, ஒருமுறை லாகின் செய்தால் அதே செஷனைத் திரும்பப் பயன்படுத்தும்படி மாற்றச் சொல்லி மின்னஞ்சல் போய், அவர்கள் செய்தபின் அந்தக் கோப்புகள் பழைய அளவுக்குச் சுருங்கின.

பிற்பாடு வேறொரு வாடிக்கையாளரிடம் எட்டாம் எண் டிஸ்க் நிரம்பியது. சீட் என்பது புள்ளிவிவரம், நிகழ்வு, அலாரம், டாஸ்க் ஆகியவற்றைச் சேமிக்கும் பகுதி. இதில் 95 சதவீதம் ஆகிவிட்டால், டேட்டாபேஸ் கெட்டுவிடக் கூடாது என்று விபிஎக்ஸ்டி தானாகவே நின்றுகொள்ளும். அங்கேயும் டிஸ்கைப் பெரிதாக்கித்தான் எழுப்பினோம். டிஸ்கைத் தேடும்போது ஒரு பொறி உண்டு. விர்ச்சுவல் மெஷினில் ஸ்கஸி எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆனால் 7 என்பது கன்ட்ரோலருக்கே ஒதுக்கப்பட்டது. அதனால் ஐந்தாம் டிஸ்கின் ஸ்கஸி எண் 4, ஏழாம் டிஸ்குக்கு 6, எட்டாம் டிஸ்குக்கு 8. "ஒன்றைக் கழித்தால் போதும்" என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏழாவதைத் தாண்டியதும் தடுமாறுவார்கள். அந்த டிஸ்க் நிரம்பிய காரணத்தைத் தேடியபோது, யாரோ எப்போதோ எழுதிய ஸ்க்ரிப்ட் ஒன்று காலாவதியான பாஸ்வேர்டோடு தட்டிக்கொண்டே இருந்தது தெரிந்தது. தோல்வி ஒவ்வொன்றும் டேட்டாபேஸில் ஒரு நிகழ்வு. பழைய நிகழ்வுகளை நீக்கினாலும் விசென்டரின் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் அந்த இடத்தைத் தானே மறுபடி பயன்படுத்திக்கொள்ளுமே தவிர, சிஸ்டத்துக்கு எளிதில் திருப்பித் தராது என்பதையும் அப்போது கற்றேன்.

எதிர்மாறாகவும் ஒன்று நடந்தது. 6.7-க்கு மாறிய புதிதில், ஆர்க்கைவ் பகுதி நிரம்பப் போகிறது என்று ஒரு ஜூனியர் பதறிக்கொண்டு வந்தான். 50 ஜிபியை 100 ஆக்கலாமா என்றான். வேண்டாம். அந்தப் பகுதி நிறைவது இயல்பு. டேட்டாபேஸின் பழைய பதிவுகளை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மிகப் பழையதைத் தானே தள்ளிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். சிவப்பாகத் தெரிவதெல்லாம் ஆபத்து இல்லை. எது நிறையலாம், எது நிறையக்கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலில் அனுபவம்.

2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. உரிமக் கட்டணமும் விற்கும் முறையும் மாறியதில் பல நிறுவனங்கள் வேறு மென்பொருளுக்கு நகர்கின்றன. பெயர் எதுவானாலும், நிர்வகிக்கும் மெஷின் ஒன்று இருக்கும், அதற்கு லாக் இருக்கும், அது நிரம்பும்.

ஆகவே இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். உங்கள் விசென்டரை முதல் ஓரிரு ஹோஸ்டுகளிலேயே இருக்கும்படி டிஆர்எஸ் விதி போட்டு வையுங்கள். அந்த ஹோஸ்டுகளின் பெயரைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். டிஸ்க் நிரம்புவதற்கு முன்பே எச்சரிக்கும் அலாரம் உள்ளேயே இருக்கிறது. அதற்கு உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் அது யாருக்கும் சொல்லாது. பழைய ஸ்னாப்ஷாட் கிடக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். டிஸ்கைப் பெரிதாக்குவது இன்று இரண்டு நிமிட வேலை. அதை நிரப்பியது யார் என்று கண்டுபிடிக்காமல் மட்டும் டிக்கெட்டை மூடாதீர்கள்.